நானூற்றுப் பன்னிரண்டாவது நட்டு

டென்ஸில் மூர்கிராஃப்ட் என்ற நண்பன் எனக்கு நானூறு பவுண்டுக்குக் கிடைத்தான். இன்னும் கொஞ்சம் பிடிவாதம் பிடித்திருந்தால் இருநூறுக்கே முடித்திருக்கலாம். ஆனால் வாங்கிய சரக்கைப் பற்றிப் பிறகு புலம்பக் கூடாது என்பார் எங்கள் அப்பா. செஸ்டர்ஃபீல்டு சந்தையில் பீங்கான் விற்றே எங்களை வளர்த்தவர். ஒரு டஜன் தட்டுகளை விசிறி மாதிரி விரித்து மேலே எறிந்து, ஒன்றும் உடையாமல் பிடித்து, "பத்து கேக்கல, எட்டு கேக்கல, அஞ்சுக்கு எடுத்துட்டுப் போம்மா, என் பொண்டாட்டி காதுல மட்டும் போட்டுடாத" என்று கூவுவார். அந்தப் பறக்கும் தட்டுகளுக்குக் கீழே உட்கார்ந்துதான் நான் படிக்கக் கற்றுக்கொண்டேன். எதற்கும் ஒரு விலை உண்டு, எந்த விலைக்கும் ஒரு அடிவிலை உண்டு. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.

டீக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் அம்மா. சர்க்கரை வேண்டாம்.

நான் வந்தது ஒரு திருத்தத்துக்காக. விபத்தைப் பற்றி உங்கள் வாகனப் பரிசோதகர் எழுதிய அறிக்கையை டென்ஸிலுடைய பெவர்லி காட்டினாள். நல்ல அறிக்கை. படங்கள் தெளிவு. சக்கரம் பதிந்த தடத்தை அளந்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரே ஒரு வாக்கியம்தான் தவறு. "ஸ்டீயரிங் இணைப்பின் நட்டை இறுக்க மறந்துவிட்டார்கள், வீட்டில் கார் கட்டும் அனுபவமற்றவர்களிடம் சாதாரணமாகக் காணப்படும் கவனக்குறைவு." நான் இயந்திரம் பொருத்தும் தொழிலிலேயே தலை நரைத்தவன். கவனக்குறைவு என்ற சொல்லை என் பெயருக்குப் பக்கத்தில் இதுவரை யாரும் வைத்ததில்லை. அந்த வாக்கியத்தை அடித்துவிட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் காரை நான்தான் முதலில் வாங்கினேன். அறுபதுகளில் வந்த இரண்டு இருக்கைப் பந்தயக் காரின் நகல். அசல் ஒன்று ஏலத்துக்கு வந்தால் ஒரு மாளிகையின் விலை போகும். நகலைப் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள்: இரும்புச் சட்டம் ஒரு பெட்டி, கண்ணாடியிழை உடல் ஒரு பெட்டி. இன்ஜினுக்கு ஏதாவது பழைய குடும்பக் காரைப் பிரிக்க வேண்டியது நம் பாடு. பெட்டிகள் வந்து இறங்கிய கொஞ்ச நாளில் என் மனைவி ஹில்டா கிளம்பிப் போனாள். போகும்போது, "உனக்கு ஆள் வேணாம் வில்ஃப். விளக்குப் பிடிக்க ஒரு கை இருந்தா போதும்" என்றாள். அவள் எதையும் கூட்டிச் சொல்லும் பழக்கமுள்ளவள்.

தனியாகக் கட்ட மனம் வரவில்லை. நான்கு வருடம் பெட்டிகள் அப்படியே கிடந்தன. கடைசியில் விற்றுவிடலாம் என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தேன். வந்தது டென்ஸில். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். பெரிய காது, பெரிய கை, மழைக்கோட்டு. பெட்டிகளை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

"எவ்வளவு சொல்றீங்க?"

"மூவாயிரத்து இருநூறு."

"எங்கிட்ட இருக்கறதே ரெண்டாயிரத்து எண்ணூறுதான். அதுலயும் பாதி மச்சான்கிட்ட பல்லக் காட்டி வாங்கினது."

"அப்போ மச்சானையே ஓட்டிட்டுப் போ."

அவன் சிரித்தான். தகரக் கூரை அதிரும் சிரிப்பு. அந்தக் கொட்டகையில் அப்படி ஒரு சத்தம் அதுவரை கேட்டதில்லை. நான் யோசித்தேன். யோசித்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. அப்பாவாக இருந்தால் அதற்குள் மூன்று பேருக்கு விற்றிருப்பார்.

"ரெண்டாயிரத்து எண்ணூறுக்கே எடுத்துக்கோ. ஆனா வண்டி இங்கேருந்து நகரக் கூடாது. என் கொட்டகை, என் சாமான். நீ சனிக்கிழமை தவறாம வரணும், சேர்ந்து கட்டலாம்."

"அடப்பாவி, வித்த வண்டிக்கு வாடகையும் கேப்பியா?"

"வாடகை ரெண்டு பேக்கன் பன். ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு."

கை குலுக்கினோம். நானூறு பவுண்டு நஷ்டம். அதற்குப் பதில் எனக்கு ஒன்பது வருடம் சனிக்கிழமைகள் கிடைத்தன.

அவனுக்கு ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. ஆனால் சொன்னதைச் செய்வான், செய்ததைக் காட்டுவான். எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். இந்த வேலை செய்கிற எல்லோரும் செய்வதுதான், நாங்கள் கொஞ்சம் கறாராகச் செய்தோம். நான் டார்க் ரெஞ்சால் நட்டை இறுக்குவேன். வேண்டிய இறுக்கம் வந்ததும் அது 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் டென்ஸில் சின்னத் தூரிகையால் நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு இழுப்பான். கோடு விழுந்தால் அந்த நட்டைப் பிறகு யாரும் தொட வேண்டியதில்லை, நினைக்கக்கூட வேண்டியதில்லை. இறுக்குகிறவன் பூசக் கூடாது, பூசுகிறவன் இறுக்கக் கூடாது. ஒருவன் அசந்தாலும் இன்னொருவன் பிடித்துவிடுவான் என்பதற்காக. ஓட்டத்தில் உயிர் தாங்கும் இடங்களில் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு நட்டுகள். "டிக்"குக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு, நாக்கை ஓரமாக நீட்டியபடி குனிந்திருப்பான். "ஆச்சா?" என்பான். "ஆச்சு" என்பேன். அந்த ஒன்பது வருடத்தில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்த இரண்டு சொற்கள்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

கட்டி முடிப்பது ஒரு வேலை, பதப்படுத்துவது வேறு வேலை. ஓடும் காருக்கும் ஓட்டத் தகுந்த காருக்கும் நடுவில் இரண்டு வருடம் இருக்கிறது என்று எங்கள் கூட்டத்தில் சொல்வார்கள். நான் அதை நான்கு வருடம் ஆக்கினேன். நான்கு கார்புரேட்டரிலும் ரப்பர் குழாய் வைத்து மூச்சைக் கேட்டேன். நான்கும் ஒரே சுருதியில் வந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தேன். கதவு இடுக்கு சீராக இருந்தது. இல்லை என்று சொல்லிப் பிரித்தேன். ஒயரிங் முழுவதையும் ஒரு குளிர்காலம் உருவிவிட்டு மறுபடி போட்டேன். நான்கு சக்கரத்துக்கும் கீழே எடைப்பலகை வைத்து, டென்ஸிலை இருக்கையில் உட்காரவைத்து, ஒரு மூலைக்கு எவ்வளவு பாரம் என்று மாதக்கணக்கில் பார்த்தேன்.

"யோவ், நான் வண்டிக்கு வந்தனா, கசாப்புக் கடைக்கு வந்தனா?" என்பான்.

"அசையாதே. நீ மூச்சு விட்டா முள்ளு ஆடுது."

"மூச்சையும் நிறுத்திடவா?"

இதையெல்லாம் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு முறையும் கார் முன்பைவிட நன்றாகத்தான் ஆனது.

பிறகு பெவர்லி வந்தாள். ஏதோ நடன வகுப்பில் பழக்கம். நல்ல பெண், கையில் காசும் உள்ளவள். அவளுடைய தம்பி போர்ச்சுகல்லில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். கடலோரம் ஒரு வீடும் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை அவளைக் கொட்டகைக்கே கூட்டி வந்தான். எனக்கும் சேர்த்து பன் வாங்கி வந்திருந்தாள், என்றாலும் மூன்று பன்னைப் பார்க்க எனக்கு என்னமோபோல் இருந்தது.

"எப்பண்ணா முடியும்?" என்று கேட்டாள்.

ஒன்பது வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.

"முடியற மாதிரிதான் இருக்கு பெவர்லி. இவரு விட்டாத்தானே" என்றான் டென்ஸில். "முடிஞ்ச அன்னிக்கே இதுல ஏறி அங்க போயிடுவோம். வெயில்ல காயணும்பா வில்ஃப். இங்க எலும்பெல்லாம் பூஞ்சை புடிச்சுப்போச்சு."

அவள் போன பிறகு நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். இன்னொரு பெட்டி வண்டி விலைக்கு வருகிறது, சட்டம் அருமை, பாதி விலை. அவன் மறுபடி அதே தகரக் கூரைச் சிரிப்பைச் சிரித்தான். "ஒரு ஆயுசுக்கு ஒரு கார் போதும்ப்பா" என்றான்.

அதற்கும் நான் ஒன்றும் நினைக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு கவர் கொண்டுவந்தான். உள்ளே இருபது பவுண்டு நோட்டுகள், இருபது.

"என்ன இது?"

"அன்னிக்கு நீ விட்டுக்குடுத்த நானூறு. மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இப்ப கணக்கு நேர்."

உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று எனக்குத் தெரியாது அம்மா. சந்தையில் வளர்ந்தவனுக்கு இது புரியும். வாங்கிய சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு யாராவது பணத்தைக் கேட்டால் அது வழக்கமான சங்கடம். சரக்கே எழுந்து நின்று, உன் பணம் இந்தா, நான் வருகிறேன் என்று சொல்வது வேறு. அவனுக்கு அதில் தவறாக எதுவும் தெரியவில்லை. அவன் நல்ல மனதோடு செய்தான் என்பதை நான் மறுக்கவே மாட்டேன். வாங்கிக்கொண்டேன், நன்றி என்றும் சொன்னேன்.

மார்ச்சில் அரசாங்கப் பரிசோதனைக்குக் கொண்டுபோனோம். அந்தக் கூத்து உங்களுக்கும் தெரிந்திருக்கும். வீட்டில் கட்டிய காரில் எந்த விளிம்பும் கூராக இருக்கக் கூடாது, அழகான பழைய மர ஸ்டீயரிங் ஆகாது, கண்ணாடி இப்படி, நட்டுக்கு மூடி அப்படி. அதனால் எல்லோரும் பரிசோதனைக்கு முதல் வாரம் காருக்கு ரப்பர் ஓரம் ஒட்டி, நட்டுக்கெல்லாம் பிளாஸ்டிக் குல்லா போட்டு, தடித்த ஸ்டீயரிங் ஒன்றை இரவல் வாங்கி மாட்டுவார்கள். காரைப் பார்த்தால் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாதிரி இருக்கும். சீட்டு கைக்கு வந்ததும் வீட்டுக்கு வந்து அத்தனையையும் பிடுங்கி எறிந்துவிட்டு அழகை மறுபடி மாட்டுவார்கள். பரிசோதிப்பவருக்கும் இது தெரியும். எங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர், "ரப்பரைப் பிச்சு என் வாசல்ல போட்டுட்டுப் போயிடாதீங்கப்பா" என்றார்.

நாங்களும் வீட்டுக்கு வந்து மர ஸ்டீயரிங்கை மறுபடி மாட்டினோம். அதன் அடிக்கட்டை இரவல் ஸ்டீயரிங்கினுடையதைவிடக் குட்டை. அதனால் ஸ்டீயரிங் தண்டை இரண்டு விரல்கடை மேலே இழுக்க வேண்டியிருந்தது. தண்டு கீழே சேரும் இடத்தில் ஒரு கவ்வி, அதில் ஒரு நட்டு. ஒன்பது வருடத்தில் மஞ்சள் கோடு விழுந்த பிறகு நாங்கள் அவிழ்த்த நட்டு அது ஒன்றுதான். பழைய கோட்டைத் துடைத்துவிட்டுக் கீழே படுத்தேன். தண்டை இழுத்தேன், கவ்வியைப் பொருத்தினேன். நட்டைக் கை விரலால் ஓட்டினேன். விரல் நின்ற இடத்தில் நானும் நின்றேன்.

அதற்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு நட்டு இருந்தது. ஏற்கெனவே இறுகியது, கோடு போட்டது. டார்க் ரெஞ்சை அதில் வைத்து இழுத்தேன். 'டிக்' என்றது.

"ஆச்சா?" என்று மேலேயிருந்து கேட்டான்.

"ஆச்சு."

அவன் தூரிகை பிடித்த கை சட்டத்துக்கு நடுவே இறங்கி வந்தது. நான் விளக்கைப் பிடித்தேன். மிக நேரான கோடு. இத்தனை வருடத்தில் அவன் கை அவ்வளவு தேர்ந்திருந்தது.

இந்த இடத்தில் என் மனதில் இருந்ததைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். அவனுக்குக் கெடுதல் செய்வது என் எண்ணம் அல்ல. கை இறுக்கத்தில் விட்ட நட்டு உடனே கழன்று விழாது. முதலில் கொஞ்சம் தளரும். ஸ்டீயரிங்கில் லேசாக ஓர் ஆட்டம் வரும். டென்ஸில் பஸ் ஓட்டியவன், உள்ளங்கையிலேயே கண்டுபிடித்துவிடுவான். என்ன செய்வான்? ஒரு சனிக்கிழமை என்னிடம் கொண்டுவருவான். முன்பக்கத்தை முழுவதும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வேன். அது ஒரு சனிக்கிழமையில் முடியாது. போர்ச்சுகல் போக எடுத்த கப்பல் டிக்கெட்டைத் தள்ளிப் போடுவார்கள். இவ்வளவுதான் என் திட்டம். ஒரு வியாபாரி, போகிற வாடிக்கைக்காரனைக் கையைப் பிடித்து உட்காரவைப்பது மாதிரி.

அது அப்படியே நடந்தது என்பதுதான் உங்கள் அறிக்கையில் இல்லாத விஷயம். கார் போய்ச் சில வாரத்தில் ஒரு வியாழக்கிழமை டென்ஸில் போன் செய்தான்.

"வில்ஃப், ஸ்டீயரிங்ல என்னமோ லேசா ஆடுதுப்பா. ஒரு நூல் அளவுதான். ஆனா நேத்து இல்ல."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். போனைப் பிடித்தபடியே அலமாரியிலிருந்து இரண்டாவது கோப்பையை எடுத்து மேசையில் வைத்தேன்.

"சனிக்கிழமை கொண்டு வா. பிரிச்சுப் பாத்துடலாம்."

"சனிக்கிழமை நாங்க கப்பல்ல இருப்போம்ல. இப்பவே வரட்டா? ஒரு அரை மணி நேரம். நீ அடில படுத்து ஒரு இறுக்கு இறுக்கி விட்டேன்னா நான் கிளம்பிடுவேன். பெவர்லி வேற மூட்டை கட்டிட்டு உக்காந்திருக்கா, டீகூட வேணாம்."

அரை மணி நேரம். டீகூட வேண்டாம்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன் அம்மா. நானூறு பவுண்டுக்கு ஒன்பது வருடம் கொடுத்த சரக்கு, இப்போது அரை மணி நேரத்துக்கு வந்து நின்றது. எந்தக் கடையிலும் இது கட்டுப்படியாகாது.

"அதுக்கா இவ்ளோ தூரம் வரே?" என்றேன். "புது வண்டின்னா அப்படித்தான் இருக்கும். ஓட்ட ஓட்டப் படிஞ்சுடும்."

"நெசமாவா?"

"நான் என்னிக்காவது தப்பாச் சொல்லியிருக்கேனா?"

"அதான பாத்தேன். நீ இறுக்கினதாச்சே" என்றான். நாளைக்கு பக்ஸ்டனில் இருக்கும் பெவர்லியின் அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போகிறோம் என்றான். எந்த வழி என்று கேட்டேன். மேட்டு வழி, வெயில் அடிக்கிறதே என்றான். நல்ல வழி என்றேன். உண்மையிலேயே நல்ல வழி. அந்த இன்ஜின் ஏற்றத்தில் பாடுவதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

மிச்சம் உங்கள் பரிசோதகர் எழுதியபடிதான். இறக்கத்தில் மூன்றாவது வளைவு. அவன் ஸ்டீயரிங்கைத் திருப்பினான், சக்கரம் திரும்பவில்லை. பிரேக் போட்ட தடம் கடைசிவரை நேர்கோடு; பிரேக் ஒரு பக்கமும் இழுக்கவில்லை, கவனித்திருப்பீர்கள். அதை நான் அமைத்தேன். கல் சுவர் அவன் பக்கம் வந்தது. பெவர்லியின் பக்கம் முள்வேலி. அவளுக்கு இடுப்பும் வலக்கையும் உடைந்தன; வண்டி மோதும் முன் டென்ஸில் தன் இடக்கையை அவள் நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டினானாம். பஸ் டிரைவர் பழக்கம்.

சனிக்கிழமைகளில் நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இரண்டு பன் வாங்கிக்கொள்வேன். அவளால் ஒரு கையால் சாப்பிட முடிகிறது. போன வாரம்தான் அறிக்கையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். படித்தேன். "அவருதான் மறந்துட்டு மஞ்சள் பூசிட்டாரு போலண்ணா. உங்க பேர வேற இழுத்து விட்டுட்டாரு" என்று சொல்லி அழுதாள். அப்போதுதான் நான் வர முடிவு செய்தேன். டென்ஸில் 'டிக்' கேட்காமல் ஒரு கோடுகூட இழுத்ததில்லை. அவன்மேல் அந்தப் பழி நிற்கக் கூடாது. என்மேலும் நிற்கக் கூடாது. அந்த நட்டு மறந்துபோன நட்டு இல்லை. அது இருக்க வேண்டும் என்று நான் நினைத்த அளவில், நான் நினைத்த இடத்தில் இருந்தது.

நான் அவனைக் கொன்றேன் என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, சட்டத்தில் வேறு சொல் இருக்காது. வியாழக்கிழமை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் இப்போது வெயிலில் காய்ந்துகொண்டிருப்பான். எனக்கு அது அன்றைக்கே தெரியும். அறிக்கையில் கவனக்குறைவு என்று சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அடித்துவிடுங்கள்.

காரை ஆதாரமாக வைத்திருப்பீர்கள். உங்கள் வேலை முடிந்ததும், என் தண்டனையும் எந்த வருடத்திலாவது முடிந்தால், கொட்டகைக்குத் திருப்பி அனுப்ப முடியுமா என்று பாருங்கள். முன்சட்டம்தான் வளைந்திருக்கிறது, நிமிர்த்திவிடலாம். பெவர்லிக்கும் அதற்குள் கை தேறிவிடும். விளக்குப் பிடிக்க ஒரு கை போதும்.

அந்தக் கவரும் கொண்டுவந்திருக்கிறேன். நானூறில் மலர்வளையத்துக்கு நாற்பது எடுத்தேன்; பூக்கடைக்காரன் அறுபது சொன்னான், நாற்பதுக்குப் படிந்தான். மீதி முந்நூற்று அறுபது அப்படியே இருக்கிறது, அதை அவளிடம் சேர்த்துவிடுங்கள். இனி டென்ஸில் எனக்கு எதுவும் தர வேண்டியதில்லை.

மற்றதைக் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மொத்த நட்டு நானூற்றுப் பன்னிரண்டு. இறுக்கியது நானூற்றுப் பதினொன்று. இறுக்காதது ஒன்று. மறந்தது, இல்லை.